மதினியின் அறைக்குப் போன டெலிபோன் வயர்

மூன்று வருடங்களுக்கு முன், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த ஆனி மாதம். எங்கள் வீடு பக்கத்து இலஞ்சியில். ஊரே அருவியில் குளிக்கப் போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு வீட்டுச் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன். மின்சாரத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுவேன்; வீட்டில் ஒரு பல்பு மாட்டச் சொன்னால் ஆள் தேடுவேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொய்யில்லை.

அப்படிப்பட்டவன் வயரில் கை வைக்கக் காரணம் என் மதினி. காலமான என் அண்ணனின் மனைவி. அவருக்கு நுரையீரலில் புற்று. தென்காசியில் பார்த்த டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மதினியிடம், நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, மருந்தில் கரைந்துவிடும் என்று சொல்லி வைத்தோம். அவருக்கு ஒரே மகன், ராணுவத்தில் இருக்கிறான். வடக்கே பனிமலையில் காவல். லீவு கிடைத்துவிட்டது, ஆனால் முகாமுக்குக் கீழே மண் சரிந்து பாதை அடைத்துக் கிடந்தது. மலைமேலிருந்து முகாமுக்கு இறங்குகிற நாட்களில் மட்டும் வீடியோ காலில் அம்மாவைக் கூப்பிடுவான். அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்ததே அந்தக் கால்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவன் முகம் வரும். உடனே உறைந்து நின்றுவிடும். எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் பெரிய கூடம், அதைப் பட்டாசல் என்போம். இன்டர்நெட் பெட்டி அங்கே. மதினி படுத்திருந்ததோ கடைசி அறையில். நடுவிலிருந்த கனத்த சுவர்களைத் தாண்டி வைஃபை போகவில்லை. சாரல் விழுந்தால் செல்போன் சிக்னலும் வாசலோடு நின்றுவிடும்.

கட்டிலைப் பட்டாசலில் போட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் முடியாது. எங்கள் குடும்பத்தில் நோயாளியின் கட்டிலைப் பட்டாசலுக்குக் கொண்டு வந்தால், இனி மருந்து வேண்டாம், சொந்தபந்தங்களுக்குச் சொல்லி அனுப்பு என்று அர்த்தம். என் அப்பாவையும் அண்ணனையும் கடைசியில் அங்கேதான் கிடத்தினோம். இரண்டு பேருக்கும் பக்கத்திலிருந்து பால் ஊற்றியவர் மதினி. அவருடைய கட்டிலை எந்த முகத்தோடு போய்த் தூக்குவது?

எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, சுவர்களைத் துளைத்துப் புது வயர் இழுக்க வேண்டும் என்றார். அந்தத் தூசியை மதினியின் மூச்சு தாங்காது. அப்போதுதான் பழைய டெலிபோன் வயர் என் கண்ணில் பட்டது. அண்ணன் தேங்காய் வியாபாரம் பார்த்த காலத்தில் அந்தக் கடைசி அறையில் ஒரு எக்ஸ்டென்ஷன் போன் வைத்திருந்தார். போனும் போய், அண்ணனும் போன பிறகு, வயர் மட்டும் பட்டாசலிலிருந்து வெளிச்சுவர் வழியாக அந்த அறை வரை அப்படியே கிடந்தது. டெலிபோன் வயரிலேயே இன்டர்நெட்டை அனுப்புகிற ஒரு ஜோடி பெட்டிகள் உண்டு என்று தென்காசியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்லி, வரவழைத்தும் கொடுத்தார். இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. கடைசி அறையில் கூடவே ஒரு சின்ன வைஃபை பெட்டி.

படாத பாடு பட்டேன். எலி கடித்த இடங்களைத் தேடி ஒட்டுப் போட்டேன். கடைசியில் இரண்டு பெட்டியிலும் பச்சை விளக்கு நின்று எரிந்தபோது என் மனைவியே நம்பாமல் வந்து குனிந்து பார்த்தாள். அடுத்த காலில் மகன் முகம் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது. மதினி போனை மூக்கருகே வைத்துக்கொண்டு, ஏன் இப்படிக் கறுத்துப் போனாய், மீசையை ஏன் கோணலாக வெட்டியிருக்கிறாய் என்று மூச்சிரைக்கத் திட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகும் சில தடவை அவன் முகம் அப்படியே நன்றாக வந்தது.

ஆடி பிறந்ததும் சாரல் பெருமழையானது. மதினிக்குப் பேசுவதே சிரமமாகிவிட்டது. ஒருநாள் மத்தியானம் கூப்பிடுவதாக மகன் சொல்லி அனுப்பியிருந்தான். அதன்பின் மேலே போனால் எப்போது இறங்குவானோ தெரியாது. அந்த நேரம் பார்த்து பச்சை விளக்கு அணைந்துவிட்டது. எங்கோ ஒரு ஒட்டில் தண்ணீர் இறங்கியிருந்தது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு ஒட்டாகப் பிரித்துத் துடைத்தேன். ஜன்னல் வழியாக மதினி கூப்பிட்டார்.

"தம்பி, அந்த வயர விட்டுத் தள்ளுங்க. என்னயப் பட்டாசலுக்குக் கொண்டு போங்க."

இதோ இப்போது சரியாகிவிடும் என்று நான் ஏதோ உளறினேன்.

"டாக்டர் ஒங்களத் தனியாக் கூப்பிட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும். புள்ள கூப்பிடுத நேரமாவுது. தூக்குங்க."

நானும் மனைவியும் கட்டிலோடு தூக்கினோம். கனமே இல்லை. பட்டாசலில் போட்டதும், தலையை வாரிவிடு, பொட்டு வை என்று என் மனைவியிடம் சைகை காட்டினார். அண்ணன் போனதிலிருந்து நெற்றியில் ஒன்றும் வைக்காதவர் அன்று கேட்டு வைத்துக்கொண்டார்.

வீடியோ கால் வந்தது. அம்மாவுக்குப் பின்னால் தெரிந்த சுவரை அவன் பார்த்தான். சிரித்த முகம் மாறியது.

"எம்மா, பட்டாசல்லயா படுத்திருக்க?"

மதினி சிரித்தார். அவ்வளவு மூச்சு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"ஒங்க சித்தப்பா வேல பாத்த லெச்சணம். வயரு மழையில நனைஞ்சு போச்சு. இங்கனதான் நெட்டு ஒழுங்கா வருது."

போனை என் பக்கம் திருப்பினார். ஆமாலே, நான்தான் கெடுத்து வைத்தேன் என்றேன். பிள்ளைகளுக்கு என்னத்தைத்தான் பாடம் நடத்துகிறீர்களோ என்று அவன் கேலி செய்தான். அப்புறம் அவர்கள் இருவரும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினார்கள். ஊருக்கு வந்ததும் அயிரை மீன் குழம்பு வைத்துத் தருவதாக மதினி சொன்னார். அவனும் காரம் தூக்கலாக வேண்டும் என்றான்.

மறுநாள் விடியும்போது மதினி போய்விட்டார். மகன் காரியத்துக்குத்தான் வந்து சேர முடிந்தது. எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அந்தச் சுவரப் பாத்ததுமே தெரிஞ்சிட்டு சித்தப்பா. அம்ம சிரிச்சிட்டு இருந்தாள்லா, நான் அழுதா தாங்க மாட்டாள்னு நானும் சிரிச்சேன்" என்றான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மதினிக்குத் தெரியக்கூடாது என்று நான் மழையில் வயரைக் கட்டிக்கொண்டு மாரடித்த நாட்களிலெல்லாம், அவர் அந்தக் கடைசி அறையில் எல்லாம் தெரிந்தே தனியாகப் படுத்திருந்தார். ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து, பயமாக இருக்கிறதா மதினி என்று கேட்கவில்லையே என்ற வலி இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.