எட்டு டின் கேஸும் ஒரு பொங்கல் பானையும்

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய பழைய வேன் அது. என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், பாதி ஆயுளை அதை ஓட்டியே கழித்தார். ஓய்வு எடுத்ததும் இருக்கைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே ஒரு படுக்கைப் பலகை, ஓர் அலமாரி, பாத்திரம் கழுவ ஒரு சின்னத் தொட்டி என்று வைத்து அதை ஓடும் வீடாக்கிவிட்டார். பக்கவாட்டில் இருந்த மஞ்சள் பட்டை மட்டும் போகவில்லை. சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் கார்க்காரர்கள் உள்ளே பிள்ளைகளைத் தேடுவார்கள். மூன்று நரைத்த தலைகள்தான் தெரியும்.

அந்த வேனில் எங்கள் முதல் நீண்ட பயணம், கோலா கிளாவாங் என்கிற சிற்றூரைத் தாண்டி மலைக்குள் இருக்கும் ஓர் எஸ்டேட்டுக்கு. என் மனைவியும் மச்சானும் பிறந்த இடம். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, தொழிலாளர்களின் லயன் வீடுகளும் இல்லாமல் போய்விட்டன. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. வருடத் திருவிழாவுக்கு அங்கே பிறந்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து பொங்கல் வைப்பார்கள்.

என் மனைவிக்குப் போன வருடம் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை. ஆறு மாதம் நடக்கவே பயந்தாள். 'நான் எழுந்து நின்றால், உன் வாசலில் நின்றபடியே பொங்கி வைக்கிறேன்' என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். எழுந்து நின்றுவிட்டாள். ஆனால் இடது முழங்காலும் இப்போது முனக ஆரம்பித்திருக்கிறது. அடுத்த வருடம் மறுபடி கத்தியா, நாற்காலியா, தெரியாது. அதனால் இந்த வருடமே முடித்துவிட வேண்டும். மத்தியானப் பூசைக்கு மணி அடிப்பதற்குள் பானை பொங்கிவிட வேண்டும். பால் வழிந்துவிட்டால் போதும், அரிசி பிறகு வேகலாம்; மணிக்குப் பிறகு பொங்கினால் படையலில் சேராது. இதுதான் காரியம்.

நடுவில் கோயில் கமிட்டி ஒரு வேலை செய்திருந்தது. முன்வாசலுக்குப் புதிதாகத் தரைக்கல் பதித்தார்கள். பளபளவென்று இருக்கிறதாம். விறகு அடுப்பு வைத்தால் வெடித்துவிடும், கரி பிடிக்கும், ஆகவே இந்த முறை கேஸ் அடுப்பு மட்டும்தான் என்று எல்லாருக்கும் கைப்பேசியில் செய்தி அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. விறகு என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. கேஸ் என்றால் கணக்குப் போடலாம்.

வீட்டிலிருக்கும் பெரிய கேஸ் தோங்கையே, அதாவது சிலிண்டரையே, வேனில் ஏற்றிவிடலாம் என்றார் மச்சான். தலைமாட்டில் பதினாலு கிலோ கேஸை வைத்துக்கொண்டு நான் கண்ணை மூடுவேனா? மாட்டேன் என்றேன். கடைசியில், ஸ்டீம்போட் என்று சூப்பைக் கொதிக்க வைத்துக்கொண்டே சாப்பிடுகிறவர்கள் மேசைமேல் வைக்கிற சின்ன அடுப்பு என்று முடிவாயிற்று. அதன் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். கொசு மருந்து அடிக்கிற டின் போல ஒரு கேஸ் டின்னை அதற்குள் படுக்க வைத்துப் பூட்ட வேண்டும். பானை அந்தப் பெட்டிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் சூடு இறங்கி டின் வெடிக்கலாம். அதனால் மனைவியின் பானைகளை எல்லாம் அளந்து, வயிறு ஒடுங்கிய ஒரு பித்தளைப் பானையை நான் தேர்ந்தெடுத்தேன்.

"பானைக்கும் ஜாதகம் பாத்தாச்சா மாப்ள?" என்றார் மச்சான்.

ஒரு டின்னில் எவ்வளவு மிச்சம் என்று அறிய அவர் வழி, காதோரம் வைத்துக் குலுக்குவது. நான் எஸ்டேட் ஆபீசில் கிராணியாக இருந்தவன். வாளி வாளியாக ரப்பர் பாலை எடைபோட்டுப் பேர் பேராகக் கணக்கெழுதியவன். குலுக்கலை நம்ப மாட்டேன். சமையலறைத் தராசு ஒன்றை எடுத்துக்கொண்டேன். காலி டின் ஏறக்குறைய நூறு கிராம். முழு டின் முந்நூற்றைம்பதை ஒட்டி வரும். நடுவில் இருப்பதெல்லாம் கேஸ். இதைவிடச் சுத்தமான கணக்கு உலகத்தில் கிடையாது.

அம்பாங்கானில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒத்திகை பார்த்தோம். அதே பானை, அதே அடுப்பு. ஆனால் பானையை வாய் வரை நிரப்ப மனைவி விடவில்லை.

"அம்மனுக்குப் பொங்கறதுக்கு முன்னாடி வீட்ல பொங்கக் கூடாதுங்க. பாதி ஊத்துங்க, போதும்."

பாதிதான் ஊற்றினோம். அதுவும் தளும்பி மேலே வரும்போது அவளே அடுப்பை அணைத்துவிட்டாள். அரை டின்கூடச் செலவாகவில்லை. நான் அதை இரண்டால் பெருக்கி, திருவிழாவுக்கு ஒரு டின், கைக்காவலுக்கு இன்னொன்று என்று வைத்தேன். வழியில் சமையலுக்கும் தேநீருக்கும் நாலு. திரும்பி வர இரண்டு. ஆக எட்டு. செண்டாயானில் ஒரு பெரிய கடையில் மலிவு விற்பனை என்று கேள்விப்பட்டு, மலைக்குப் போகிறவர்கள் முதலில் எதிர்த்திசையில் செண்டாயானுக்குப் போனோம். மச்சானுக்கு அது பெரிய சிரிப்பு.

"கேஸ்ல மிச்சம் புடிச்சு பெட்ரோல்ல விட்டாச்சு. கிராணி கணக்கே தனிலா."

டின்களை வெயில் படாமல் ஈரச் சாக்கில் சுற்றிப் பலகைக்கு அடியில் வைத்தேன். வேன் நின்ற இடத்திலெல்லாம் இறங்கி அவற்றைத் தொட்டுப் பார்த்தேன். மலைப்பாதை தொடங்கியபோது, வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தபோது, எனக்குச் சத்தியமாகப் பாட வேண்டும் போல இருந்தது. எழுபதைத் தாண்டியவன் படுக்கை, அடுப்பு, மனைவி, மச்சான் எல்லாவற்றையும் சக்கரத்தில் வைத்துக்கொண்டு ஏறுகிறேன். பாடவில்லை. டின்கள் உருளும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கோலா கிளாவாங் பக்கத்தில் ஆற்றோரம் சில நாள் தங்கினோம். அங்கேதான் கணக்கு இளக ஆரம்பித்தது. மச்சானுக்குத் தேநீர் ஆறினால் ஆகாது, மறுபடி சுட வைப்பார். போகட்டும், அதற்கும் இடம் விட்டிருந்தேன். மலைக் குளிருக்கு மனைவியின் இடது முழங்கால் இறுகிக்கொள்ளும் என்று நான் நினைக்கவே இல்லை. வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுக்கக் கொடுக்கத்தான் இளகியது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் சுட வைத்துக்கொண்டே இருந்தோம். அவள் வேண்டாம் என்றாள். நான்தான் அடுப்பைப் பற்ற வைத்தேன். திருவிழா நாள் விடிந்தபோது ஐந்து டின் தீர்ந்திருந்தது. மூன்று முழுசாக இருந்தது.

"மூணு இருக்குல்ல, ஒண்ணு போதும்னீங்க" என்றார் மச்சான்.

"ஒண்ணு போதும்" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

கோயில் வாசலில் திருவிழாக் களை. முன்வாசல் முழுக்கச் சின்னச் சின்ன அடுப்புகள் வரிசையாக, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குடும்பம். செம்பனைகளுக்கு நடுவிலிருந்து மூடுபனி இன்னும் விலகவில்லை. காற்றும் இருந்தது. வேனை வெகுதூரம் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அடுப்பையும் டின்களையும் மட்டும் தூக்கி வந்தோம். மனைவி பானையில் மஞ்சள் கட்டி, பாலும் தண்ணீரும் ஊற்றினாள். ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். கழுத்தைத் தாண்டி வாய் வரை.

"இவ்வளவா?" என்றேன்.

"வழியணும்ல? பாதிப் பானை எப்படிங்க வழியும்?"

பாதிப் பானைக்குப் போட்ட கணக்கை இரண்டால் பெருக்கியிருந்தேன்; ஆனால் அது பின்கட்டுச் சூட்டில், காற்று புகாத மூலையில் போட்ட கணக்கு. இங்கே தீநாக்கு காற்றுக்கு ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டது. மச்சான் அட்டைப்பெட்டியைப் பிரித்து மறைப்புக் கட்டினார். முதல் டின் நன்றாக எரிந்தது, பிறகு நீல வளையம் சுருங்கிச் சுருங்கிப் பொட்டுப் பொட்டாக ஆனது. மாற்றினேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பூட்டினேன். பானையில் ஆவி வந்ததே தவிரக் கொதி வரவில்லை.

எங்களுக்கு மட்டுமல்ல. செண்டாயானிலிருந்து வந்து பக்கத்தில் அடுப்பு வைத்திருந்த ஒரு பெண், தன் டின்னைக் கழற்றிக் குப்பைச் சாக்கில் போட்டாள்.

"ரெண்டு டின்னு முடிஞ்சு போச்சு அங்கிள். இந்தக் கேஸெல்லாம் ஏமாத்து."

வரிசை நெடுக டங், டங் என்று டின்கள் சாக்கில் விழுந்தன. உள்ளே ஐயர் அபிஷேகத்தை முடித்து அலங்காரம் தொடங்கியிருந்தார். மூன்றாவது டின்னின் வளையமும் சுருங்க ஆரம்பித்தது. மனைவி பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உடம்பின் பாரத்தை வலது காலுக்கு மாற்றிக்கொண்டாள்.

கழற்றிய இரண்டாவது டின் என் கையிலேயே இருந்தது. அது ஐஸ் தண்ணீர்ப் புட்டி மாதிரி இருந்தது. வெளிப்பக்கம் வேர்த்து வழிந்தது. காலியான டின் ஏன் இப்படிச் சில்லிட வேண்டும்? எல்லாவற்றையும் எடை போடுகிற நான் அன்றைக்கு மட்டும் அவசரத்தில் போடவில்லை. தராசு வேனில் இருந்தது.

"மச்சான், தராசு."

"இப்பவா?"

"ஓடுங்க மச்சான்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். வந்ததும் தரைக்கல்லில் தராசை வைத்து டின்னை ஏற்றினேன். இருநூற்று முப்பது. முதல் டின், இருநூற்றுப் பத்து. இன்னொரு முறை இறக்கி ஏற்றிப் பார்த்தேன். சந்தோஷத்தில்தான்.

"பாதி இருக்கு. முடியலை. குளிர்ந்து போச்சு, அவ்வளவுதான்."

விடாமல் எரிந்தால் டின் தன் சூட்டை இழந்துவிடுகிறது. சூடு போனால் உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாகி எழும்ப மறுக்கிறது. ஆபீசில் இருந்தபோது எதிலோ படித்தது. படித்ததெல்லாம் என்றாவது ஒருநாள் எழுந்து வரும் போல. நான் குப்பைச் சாக்கைக் கவிழ்த்தேன். பதினோரு டின்கள். ஒவ்வொன்றாக எடை போட்டேன். இரண்டுதான் உண்மையில் காலி.

"வெந்நியில போடலாமா அங்கிள்?" என்றாள் செண்டாயான் பெண்.

"வேண்டவே வேண்டாம்மா. நெருப்புப் பக்கமும் கொண்டு போகாதீங்க. உடம்புச் சூடு போதும். சட்டைக்குள்ள வைங்க."

முதலில் மச்சான்தான் ஒரு டின்னைப் பனியனுக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டார். "ஐயோ" என்றார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம், "எட்டு மாசம். ஆம்பளப் புள்ளதான்லா" என்றார். அவ்வளவுதான், வரிசையே சிரித்துவிட்டது. ஆளுக்கொரு டின் வயிற்றில், அக்குளில், வேட்டி மடிப்பில். கமிட்டித் தலைவர் ஜிப்பாவுக்குள் இரண்டு வைத்துக்கொண்டார். நான் ஆளைப் பார்த்து எண்ணிக்கொண்டு வரிசையில் நடந்தேன். ஒரு டின்னின் நீலம் சுருங்கியதும் அதைக் கழற்றி ஒருவர் வயிற்றுக்குக் கொடுப்பது, இன்னொருவர் வயிற்றிலிருந்து சூடானதை வாங்கிப் பூட்டுவது. யாருடைய டின் யாருடைய அடுப்பில் எரிந்தது என்று கேட்க ஆள் இல்லை. என் வாழ்நாளில் கணக்கில்லாமல் நான் பங்கிட்ட ஒரே சரக்கு அதுதான்.

மச்சானின் டின்னை எங்கள் அடுப்பில் பூட்டினேன். குபீரென்று வளையம் முழுசாக எழுந்தது. மலை மேகம் மூடிய மங்கலில் அந்த நீலத்தைப் பார்த்து நான் வாயைத் திறந்தபடி நின்றேன். பானையின் உள்ளே முதலில் ஓரத்தில் சிறு குமிழ்கள், பிறகு நடுவில் ஒரு மேடு. ஐயர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். வாசல் வழியாக எனக்குத் தெரிந்தது.

"வருதுங்க" என்றாள் மனைவி, மிகவும் மெல்ல.

நுரை கழுத்தைத் தொட்டது. வாயைத் தொட்டது. மஞ்சள் கிழங்கு கட்டிய இடத்தை நனைத்துக்கொண்டு கிழக்குப் பக்கமாக வழிந்தது. செண்டாயான் பெண் குலவை போட்டாள். பொங்கலோ பொங்கல் என்று யாரோ ஆரம்பித்தார்கள், அது வரிசை முழுக்கப் போயிற்று. மணி அடித்தது.

பால் இறங்கி அடுப்பையும் அணைத்துவிட்டது. கேஸ் சீறும் சத்தம் கேட்டதும் நான் பாய்ந்து திருகைத் திருப்பி மூடினேன். பானைக்குள் அரிசியே இன்னும் போடவில்லை. இனிமேல்தான் அரிசி, வெல்லம், எல்லாம்.

"அடுப்பு காயட்டும். அவசரமில்ல" என்றாள் மனைவி. முகத்தில் அப்படியொரு நிறைவு. செண்டாயான் பெண்ணுக்கும் அதற்குள் பொங்கிவிட்டது. அவள் தன் பானையை ஓரமாக இறக்கி வைத்துவிட்டு, அடுப்பை எங்கள் பக்கம் நகர்த்தித் தந்தாள். வரிசையின் கடைசியில் இன்னும் மூன்று பானைகள் பாக்கி. மச்சான் புதிதாகக் குளிர்ந்த டின் ஒன்றை வாங்கிப் பனியனுக்குள் விட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

கமிட்டித் தலைவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து மனைவிக்குப் பின்னால் வைத்தார்.

"உக்காருங்கக்கா. எவ்வளவு நேரம் நிப்பீங்க."

"வேணாம் தம்பி. நின்னே முடிக்கிறேன்" என்று சொல்லி, அரிசியைக் கையால் அள்ளிப் பானையில் போட்டாள்.

நாற்காலி சும்மா கிடந்தது. தராசை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.