பூட்சு நாக்கு

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கிணற்றிலிருந்து ஃபுட்வால்வைக் கழற்றியது. குழாயின் அடியில் இருக்கும் அந்த வால்வுதான், மோட்டார் நின்ற பிறகு குழாயிலுள்ள தண்ணீர் இறங்கிவிடாமல் தடுக்கும். அதன் தோல் நைந்திருந்தது. கேரளத்தில் இருந்தாலும் தமிழ் பேசும் எங்கள் ஊரான எருத்தேன்பதியில் தோல் கிடைக்காது. அப்பா தன் பழைய பட்டாளத்துப் பூட்சின் நாக்கை வட்டமாக வெட்டிப் பொருத்தினார்.

"மாப்ள, இனிமே தண்ணி இந்தியில பேசுமுங்க," என்றார் மாரப்பன் மாமா.

"பேசுனா நீங்க பதில் சொல்லுங்க மச்சான். அத்தனை வருசம் பட்டாளத்துல இருந்தும் 'அச்சா'வைத் தாண்டலையே."

பிறகு என்னிடம், "இது சும்மா ஒப்பேத்தத்தான்டா. அடுத்த லீவுல பொள்ளாச்சியில நல்ல தோலா வாங்கியாரேன்," என்றார். அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளே லீவு ரத்தாகி அவர் ரயிலேறினார்.

அப்பா பெயர் குருசாமி. போடியில் பிறந்தவர். ஏலக்காய் பறிக்கப் போன தாயோடு போடிமெட்டு ஏறி, சாந்தன்பாறையில் வளர்ந்து, அங்கிருந்து பட்டாளத்துக்குப் போனார். அங்கே கூட இருந்த மாரப்பன் மாமா எருத்தேன்பதியிலிருந்த தன் தங்கையை, என் அம்மாவை, அவருக்குக் கட்டிக்கொடுத்தார். கடைசிவரை எங்கள் ஊருக்கு அவர் போடிக்காரர்தான்; பட்டாளத்தில் மதராசி. எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

1971 டிசம்பர், பாகிஸ்தான் போர். டிப்ளமா முடித்து நான் கோவையில் மோட்டார் கம்பெனி ஒன்றில் இருந்தேன். தந்தி வந்தபோது வீட்டில் அம்மா மட்டும். தபால்காரர் புதிதாக வந்த மலையாளி. ஆங்கிலத் தந்தியைப் படித்தவருக்கு முழுவதும் சொல்ல மனம் வரவில்லை. "வெடி கொண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். குண்டு பட்டது என்பதை மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அம்மாவுக்கு வெடி என்றால் பட்டாசு; பட்டாசு வெடித்தால் சுடுவது கைதான்.

அன்று சனிக்கிழமை. வழக்கம்போல மாலை பஸ்ஸில் வந்து இறங்கினேன். அம்மா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாவுக்குக் கையில வெடி பட்டிருக்குதாமா கண்ணு. தேங்காயெண்ணெய் எடுத்து வெச்சுட்டேன். எந்த ஆசுபத்திரின்னு போட்டிருக்குதா பாரு."

தந்தியை வாங்கிப் படித்தேன். "அப்பா செத்துப்போயிட்டாரும்மா."

"தபால்காரரு வெடின்னுதான் சொன்னாரு. நீ செரியாப் படி."

மறுபடியும் படித்தேன்.

உடல் வரவில்லை. அவருடைய டிரங்குப் பெட்டி மட்டும் வந்தது. அதிலிருந்த துணிகளை அம்மா துவைத்து மடித்து, எடுக்கத் தோதாக மேலேயே வைத்தாள். தாலியைக் கழற்ற வந்த பெண்களிடம், "கையி ஆறுனதும் வந்துருவாரு," என்றாள். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். மலையாளத்தில் வெடி என்றால் என்ன என்று நான் அவளுக்குப் பலமுறை விளக்கியிருந்தேன். "உனக்கு மோட்டாருதான் தெரியும்," என்பாள்.

மூன்று வருடத்தில் பூட்சு நாக்கும் நைந்துவிட்டது. இப்போது தினமும் குழாயில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால்தான் மோட்டார் தண்ணீரை இழுக்கிறது. போன வாரம் பொள்ளாச்சியில் தோல் வாங்கி வந்தேன். கிணற்றில் இறங்கப் போனபோது அம்மா தடுத்தாள்.

"அத எதுக்கு நீ வாங்குன? அவரு வாங்கியாரேன்னு சொல்லிப்போட்டுத்தானே போயிருக்காரு."

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவள் கையிலிருந்த குடத்தை வாங்கிக் குழாயில் ஊற்றினேன். தோல் இன்னும் மாற்றவில்லை.