பொன்னுக்கு வீங்கி மாப்பிள்ளை

போன வாரம் சாயல்குடி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நின்றிருந்தேன். மீன் ஏற்றிய ஒரு மினி லாரி வந்து நின்றது. பெட்டிகளை இறக்கும்போது நொறுங்கிய ஐஸ் தரையில் கொட்டி, வெயிலில் கரைந்து, என் செருப்பு வரைக்கும் ஓடி வந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கை தன்னால் தாடைக்குப் போய்விட்டது. பக்கத்தில் நின்றவர், "பல்லு வலியா சார்?" என்றார். இல்லை என்றேன். மீன் பெட்டி ஐஸுக்கும் என் தாடைக்கும் உள்ள உறவை பஸ் வருவதற்குள் அவரிடம் சொல்லி முடிக்க முடியாது. உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கு அவசரம் இல்லை என்று நினைக்கிறேன்.

அப்போது நான் வாலிநோக்கத்தில் ஒரு உப்பளத்தின் எடை மேடையில் வேலை பார்த்தேன். லாரி ஏறும், இறங்கும், நான் எடையைப் பார்த்துச் சீட்டுக் கொடுப்பேன். வீடு மாரியூரில். அய்யா முன்பே தவறிவிட்டார், நானும் அம்மாவும்தான். சிக்கல் என்ற ஊரில் முத்துச்செல்வி என்ற பெண்ணைப் பார்த்து, நிச்சயமும் முடிந்து, கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைசிப் பல் தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தது. கல்யாணம் முடிந்தால் மறுவீடு, விருந்து என்று ஒரு மாதம் கறியும் கோழியுமாகத் தின்ன வேண்டியிருக்கும், அதற்குள் வாயைச் சரிபண்ணி வைத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். தீனிக்காக முன்கூட்டியே பல்லைப் பிடுங்கிக்கொண்ட மாப்பிள்ளை இந்தச் சீமையில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

ராமநாதபுரத்தில் ஒரு பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஞானப்பல்லு தம்பி. ரெண்டும் படுத்துக் கெடக்கு. ஒரே தடவையில எடுத்துருவோம்" என்றார். ஞானப்பல் என்று உப்பளத்தில் சொன்னால் கல்யாணப் பந்தி வரைக்கும் அதை வைத்தே ஓட்டுவார்கள். இருந்த கொஞ்சத்தையும் பிடுங்கிட்டாங்களாம் என்பார்கள். அதனால் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு, அம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிப் போனேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் வாய் மரத்துப்போய் என்னுடையதாகவே இல்லை. கண்டக்டரிடம் சாயல்குடி என்று சொன்னது எனக்கே புரியவில்லை. அவர் மறுபடி கேட்க, நான் மறுபடி சொல்ல, உதட்டோரம் எச்சில் வழிந்து சட்டையில் சொட்டியது. முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்து, "வெள்ளனவே ஊத்திக்கிட்டு வந்துர்றானுக" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். நான் குடிக்கிறவன் இல்லை. அதைச் சொல்லவும் வாய் வேண்டுமே. ஊர் வரும் வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

பெருமைக்காக டாக்டரிடம் கேட்டு, உடைத்தெடுத்த பல் துண்டுகளை ஒரு மாத்திரைக் கவரில் வாங்கி வந்திருந்தேன். அதை மேசையில் வைத்துவிட்டுத் தூங்கி எழுந்தால் காணோம். பால் பல் விழுந்தால் செய்கிற மாதிரி, அம்மா அவற்றைச் சாணி உருண்டைக்குள் வைத்து, முன்பக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் விட்டெறிந்திருந்தாள்.

"பல்லக் கண்ட எடத்துல போடப்படாதுப்பா. கூரையில போட்டாத்தான் நல்லா மொளைக்கும்."

மறுபடி முளைக்கவா அவ்வளவு பாடுபட்டு எடுத்தது என்று கேட்க நினைத்தேன். அதிகம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு தாடையும் வீங்கிக் கழுத்தோடு சேர்ந்துவிட்டது. கண்ணாடியில் யாரோ ஒரு வசதியான மனிதர் தெரிந்தார். அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக் காளியம்மா மதினி தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தார்.

"ஆத்தாடி! பொன்னுக்கு வீங்கிதான இது!"

எங்கள் பக்கம் பொன்னுக்கு வீங்கி வந்தால் டாக்டருக்கு முன்னால் நகை வரும். வீங்கின கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வீக்கம் வற்றும் என்பது இன்றைக்கும் பல வீடுகளில் வழக்கம்தான். மதினி குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். நான் ம்ம், ம்ம் என்று தலையை ஆட்டினேன். "வலியில தலைய ஆட்டுது பாவம்" என்றார். அம்மாவைப் பார்த்தேன். பல் எடுத்தது தெரிந்த ஒரே ஆள் அவள்.

"போட்டுட்டுத்தான் கெடயேன்" என்றாள். "பல்லால வந்தாலும் வீக்கம் வீக்கந்தான? தங்கம் என்ன கெடுதலா பண்ணப் போகுது?"

அம்மா செய்த தப்பு அதுதான். மீசை வைத்த ஆம்பிளை, பெண்பிள்ளைச் சங்கிலியோடு வாசல் கட்டிலில் கிடந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். தெருப் பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வரத் தடை விழுந்தது. மதினி வீட்டு அண்ணன் கடலிலிருந்து வந்ததும், மீன் பெட்டியில் மிஞ்சிய ஐஸைத் துண்டில் கட்டிக் கொடுப்பார். அதைத் தாடையில் வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். சூடை மீன் வாடை தலையணை வரைக்கும் ஏறிவிட்டது. தெருப் பூனை ஒன்று என் காலடியிலேயே குடியேறியது. என்னிடம் பயப்படாமல் வந்து போனது அது ஒன்றுதான்.

சாப்பாடு ஆறின கஞ்சி. வாய் கொப்பளிக்க வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். உப்பளத்தில் வேலை பார்க்கிறவன் வீட்டில் உப்புக்கு என்ன பஞ்சம்? அம்மா கல்லுப்பைக் கை நிறைய அள்ளிப் போட்டு, டம்ளரில் கடலையே கொண்டுவந்து நீட்டினாள். முதல் கொப்பளிப்பில் நான் கட்டிலை விட்டு எழுந்து குதித்ததை வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தவர்கள், நோய் முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம்.

பேச்சு எப்படியோ பெண் ஊரான சிக்கலுக்குப் போய்விட்டது. பொன்னுக்கு வீங்கி சின்னப் பிள்ளைக்கு வந்தால் கவலையில்லை. வயசு வந்த ஆணுக்கு வந்து, வீக்கம் கீழே இறங்கிவிட்டால் பிள்ளை பிறக்காது என்பது ஊருக்கெல்லாம் தெரியும். ஒரு நாள் காலையில் வேனில் பெண் வீட்டார் வந்து இறங்கினார்கள். முன்னால் என் வருங்கால மாமனார். வெறுங்கையோடு வரக்கூடாதே என்று மஞ்சப்பை நிறைய அவர் தோட்டத்துக் குண்டு மிளகாய் கொண்டுவந்திருந்தார். வாய் முழுக்கத் தையலோடு இருந்த நான் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, தப்பா நெனைக்கப்படாது. பொண்ணக் குடுக்குறவன், கேட்டுத்தான ஆகணும். வீக்கம்... கீழ எறங்குச்சா?"

கூடத்தில் அம்மா, காளியம்மா மதினி, மாமனார் அழைத்து வந்த இரண்டு பெண்கள், வாசலில் பாதித் தெரு. உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் அந்த வீங்கின முகத்துக்கே ஏறியது. இன்றைக்கும் அந்தக் கேள்வி காதில் விழுகிற நாட்களில் குளித்துக்கொண்டிருந்தாலும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

"அண்ணே, அது பல்லு! ராமநாதபுரத்துல போயி எடுத்துட்டு வந்தான்" என்றாள் அம்மா.

"அப்ப எடுத்த பல்லக் காட்டுங்க தாயி."

"கூரையில போட்டுட்டேனே."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணி போட்டு ஏறினார். கீழே இருந்து ஆளாளுக்கு அங்கன பாரு, இங்கன பாரு என்று வழி சொன்னார்கள். என் பல்லைத் தேடி ஒரு ஊரே அண்ணாந்து நின்றது. கடைசியில் அவர் உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு துண்டோடு இறங்கி வந்தார். மாமனார் அதைத் தேய்த்துப் பார்த்து, "இது சிப்பிதான" என்றார். கடலோரக் கூரைகளில் காக்கை கொண்டுவந்து போட்ட சிப்பிக்கு அளவே கிடையாது.

பிறகு செல்போன் லைட்டை அடித்து என் வாய்க்குள்ளேயே பார்த்தார்கள். ஒரு விரல் அளவுக்கு மேல் வாய் திறக்கவில்லை. மாமனார் என் தாடையைப் பிடித்து, கன்றுக்குட்டிக்குப் பல் பார்ப்பது மாதிரி அப்படியும் இப்படியும் திருப்பினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "கருப்பு நூலு தெரியுது. தையல்தான்" என்றார் ஒருவழியாக. கல்யாணம் தப்பித்தது. ஆனால் வாசலில் நின்றிருந்த கூட்டத்தில் பாதி அதற்கு முன்பே கலைந்து போயிருந்தது. தையல் என்ற சேதி அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை.

அடுத்த வாரம் தையல் பிரித்தார்கள். அன்று சாயங்காலம் முத்துச்செல்வி போன் செய்தாள். அதுவரை நாங்கள் தனியாகப் பேசியதில்லை.

"நீங்க பேச வேணாம். வலிக்கும். நான் கேக்குறதுக்கு ம் மட்டும் போடுங்க. பல்லுதான?"

"ம்."

"எனக்குத் தெரியும். இங்கன எல்லாரும் வேற மாதிரி பேசுனாக. நான் நம்பல. சாப்புட்டீகளா?"

அன்று வாய் திறக்க முடிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. ம் என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது வாரத்திலும் பல் இருந்த குழியில் சோற்றுப் பருக்கை போய் உட்கார்ந்துகொள்ளும். நாலு பேர் மத்தியில் நாக்கால் அதைத் துழாவிக்கொண்டு, முகத்தைக் கோணிக்கொண்டு நிற்பேன். வாயை விரல் வைத்து அளந்து அளந்து, ஒரு விரல், இரண்டு விரல் என்று திறக்கப் பழகினேன். கல்யாணத்தன்று முன்பல்லாலேயே சாப்பிட்டேன். எதற்காகப் பல்லை எடுத்தேனோ அந்த விருந்தில் எனக்குக் குழைந்த சோறும் ரசமும்தான். பந்தியில் யாரோ, "பொன்னுக்கு வீங்கி மாப்ளைக்கு ரசம் ஊத்து" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எனக்கு ஒரே வேலை. எவன் சொன்னாலும், "பல்லுய்யா, பல்லு!" என்று வாயைத் திறந்து காட்டுவேன். டீக்கடையில், சலூனில், எடை மேடையில் லாரி டிரைவரிடம்கூட. செல்வி தலையில் அடித்துக்கொள்வாள். அம்மா என்னைவிட மோசம். அந்தப் பேச்சை எடுத்தவர்களோடு வீடு தேடிப் போய்ச் சண்டை போடுவாள்.

வருடங்கள் போயின. எங்களுக்குப் பிள்ளை இல்லை. மதுரைக்குப் போய் எல்லாச் சோதனையும் பார்த்தோம். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். குறை இருந்தால் வைத்தியம் பார்க்கலாம். இல்லாத குறைக்கு என்ன செய்வது? செல்வி விசேஷ வீடுகளுக்கு வந்தால் சமையல் பக்கமாகவே ஒதுங்கிக்கொள்வாள். யாரும் அவளிடம் எதுவும் சொன்னதில்லை. சொல்வதற்கு முன்னால் அவளாகவே போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவாள்.

பெரியம்மா மகன் வீட்டில் வளைகாப்பு. பெண்கள் ஒவ்வொருவராக வந்து வளையல் போட்டார்கள். பந்தல் காலோரம் சர்பத் தட்டோடு நான் நின்றிருந்தேன். பக்கத்தில் அம்மா. செல்வியைக் கூப்பிடச் சொல்லி யாரோ சொல்ல, ஒரு கிழவி, "அவளுக்குத்தான் இன்னும்..." என்று இழுத்தாள். பெரியம்மா சத்தமாகச் சொன்னார்:

"அவகிட்ட என்ன கொறை? கொறை அவம்மேலதான இருக்கு. கல்யாணத்துக்கு முந்தியே பொன்னுக்கு வீங்கி வந்து எறங்குனவன். அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு? செல்வி, நீ வா தாயி."

ஆண்கள் பக்கம் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் என்னைப் பார்த்தார்கள். காது வரைக்கும் எரிந்தது. பழக்க தோஷத்தில் வாயைத் திறந்துவிட்டேன். எனக்கு முன்னால் அம்மா ஆரம்பித்துவிட்டாள்: "ஏ அக்கா, எம் மகனுக்கு..."

அப்போது செல்வி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சமையல் பக்கத்திலிருந்து வெளியே வந்தாள். நான் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். பல் என்று நாங்கள் சொன்னால், அங்கிருந்த அத்தனை கண்ணும் அடுத்து யார் பக்கம் திரும்பும் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. செல்வி உட்கார்ந்து, கர்ப்பிணியின் கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் போட்டாள். ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சர்பத் தட்டோடு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது செல்வி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அம்மா குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏலே, ஒன்னய எம்முன்னாடியே அப்படிச் சொல்றாக. நான் கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்கணுமா?"

"இருக்கணும்மா."

"ஒனக்கு ரோசமே இல்லையா?"

"இருக்கும்மா. நீ சொன்னா அவளச் சொல்வாக."

அம்மா முன்னால் போகிற செல்வியைப் பார்த்தாள். வந்ததும் அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எனக்கு வெட்கம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கல்யாண மண்டபத்தில் புதிதாகச் சம்பந்தம் ஆனவரிடம் யாராவது என்னைக் காட்டிக் குரலைத் தாழ்த்தும்போது, இந்த வயதிலும் முகம் கொதிக்கிறது. சாப்பிட்ட இலையைச் சட்டென்று மூடிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். செல்வி இப்போதெல்லாம் விசேஷ வீடுகளில் முன்வரிசையில் உட்காருகிறாள்.

அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டாயிற்று. பல் டாக்டர் இருந்த இடத்தில் செல்போன் கடை. மாமனார் காலமாகிவிட்டார். காளியம்மா மதினி ராமேஸ்வரத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். அவர் இன்றுவரைக்கும் பல் என்பதை நம்பவே இல்லை.

போன மழைக்காலத்தில் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். பெரியம்மா பார்க்க வந்தார். தலைமாட்டில் உட்கார்ந்து, "இவனுக்கு ஒரு புள்ளையப் பாத்துட்டுப் போகக் குடுத்து வைக்கலையே ஒனக்கு. அந்தப் பாழாப்போன வீங்கி வந்து இவனக் கெடுத்துருச்சு" என்று அழுதார். அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு, தனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த செல்வியைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "ஆமா" என்றாள்.

அது ஒன்றுதான் அம்மா என்னைப் பற்றிச் சொன்ன பொய். மறு வாரம் போய்விட்டாள். எம் மகனுக்குப் பல்லுதான் எடுத்தாக என்று சண்டைக்குக் கிளம்ப இந்த ஊரில் ஒரே ஒரு ஆள் இருந்தது. இப்போது யாரும் இல்லை.