வீடு வீடாக ஒரு கோட்டுக் கதை

வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பிழைப்பில், புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் எங்கே உட்காருவது என்று தெரிந்துகொள்ள வேண்டும். யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்தி, பசுமலையிலிருந்து தினமும் மதுரைக்கு வந்து பெரிய வீட்டுப் பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் உட்கார்ந்தால் அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதே என்று மனசு பறக்கும். இந்தத் தொழிலில் செருப்புத் தேய்ந்தவர்களுக்கு அந்தப் பறப்பைச் சொல்லத் தேவையில்லை. அப்பா போய்விட்டார். அம்மாவும் படிக்கிற தங்கையும் என்னை நம்பி இருந்தார்கள். ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் நிரந்தரமாக ஒரு நாற்காலி கிடைத்துவிடாதா என்பதுதான் அப்போது என்னுடைய ஒரே ஜெபம்.

பாய் காய்கிறது

தானிய மண்டிக்காரர் வீட்டில் எனக்கென்று ஒரு பாய் உண்டு. அவர்கள் வீட்டு மருமகள் பரவைக்காரி, நல்ல சூட்டிகையான பெண். மூன்று முழம் தள்ளியே உட்கார்ந்து பாடம் கேட்பாள். நான் எழுந்ததும் மாமியார் வந்து அந்தப் பாயைக் குச்சியால் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் போடுவார். வேதக்காரி, அதாவது கிறிஸ்தவச்சி, உட்கார்ந்த பாய் என்பதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஒருநாள் நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அந்த அம்மாள் கொஞ்சமும் அசரவில்லை.

"தப்பா நினைக்காதீக டீச்சரம்மா, எல்லாம் மூட்டப்பூச்சித் தொந்தரவுதான்."

நடந்து போன சீமாட்டி

அந்த வருஷம் எல்லா வீட்டிலும் ஒரே பாடம், ஒரு பழைய சீமைக் கதை. பணக்காரச் சீமாட்டி ஒருத்தி தன் பழைய கம்பளிக் கோட்டு ஒன்றை வேலைக்காரிக்குக் கொடுக்கிறாள். கொடுத்ததை ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறாள். தான் எவ்வளவு எளிமையானவள் என்று காட்டுவதற்காக, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாதாரண உடுப்பில் கோவிலுக்கு நடந்தே போகிறாள். வாசலில் நிற்கிறவன், போட்டிருந்த கோட்டைப் பார்த்து வேலைக்காரியை முன் பெஞ்சில் உட்கார வைக்கிறான். எஜமானியைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளிவிடுகிறான்.

ஆளை விட்டுவிட்டுத் துணிக்குக் கும்பிடு போடுகிற உலகம் என்று நான் தொண்டை வறள விளக்கினேன். மண்டி வீட்டு மருமகள் ரொம்ப நேரம் யோசித்தாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"இம்புட்டுச் சொத்து இருந்தும் வண்டி பூட்டாம நடந்து போனா பாருங்க, அவளச் சொல்லணும்."

கடைசி பெஞ்சு

அடுத்தது வக்கீல் வீடு. இங்கே நாற்காலி கிடைக்கும். படிக்கிறவர் வக்கீலின் மனைவியேதான். கிளப்பில் துரைசானிகளோடு நாலு வார்த்தை பேசவேண்டும் என்று ஆசை. தங்கமான மனசு. வக்கீலை நான் பார்த்ததே கிடையாது. நான் போகிற நேரத்தில் அவர் கோர்ட்டில் இருப்பார். ஆனால் அவரை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். நான் விண்ணப்பம் போட்டிருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தின் கமிட்டியில் அவர் பெரிய தலை. இருந்தது ஒரே ஒரு இடம்.

அதே கதையை வாசித்தேன். வக்கீலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடடா, வேலைக்காரிக்காக அழுகிறாரே என்று நானும் உருகிப்போனேன். அவர் அழுதது வேறு ஆளுக்காக. திருத்தியிருக்க வேண்டும்தான். வேலை நம் வாயைக் கட்டிவிடும், உங்களுக்குத் தெரியாததா?

"நல்லது செஞ்ச மகராசியக் கடைசி பெஞ்சுல உக்கார வச்சுட்டானே, பாவிப்பய."

அரக்குப் பட்டு

கதை வக்கீலம்மாவை விடவில்லை. இண்டர்வியூவுக்கு முந்தின நாள் பீரோவைத் திறந்து ஓர் அரக்குப் பட்டுச் சேலையை எடுத்து என் மடியில் வைத்தார். உள்மடிப்பில் ஓரிடத்தில் மட்டும் இழை விட்டிருந்தது. கட்டினால் தெரியாது. நான் வேண்டாம் என்றேன். என் வெளுத்த நூல்சேலை அவர் பக்கமே சாட்சி சொன்னது.

"இதக் கட்டிட்டுப் போங்க, அப்பத்தான் மதிப்பாக. நம்ம டீச்சரம்மா வாராக, பாத்துச் செய்யுங்கன்னு எங்க அவுககிட்ட சொல்லிட்டேன்."

ஜட்காவில் முன் பெஞ்சு

மறுநாள் அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு பசுமலையில் ஜட்கா ஏறினேன். தினம் தவறாமல் என்னை மூட்டைகளுக்கு நடுவே திணிக்கிற அதே வண்டிக்காரர் புது வைக்கோல் விரித்து, ஏறியிருந்த இருவரை இறக்கிவிட்டார். என் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. இந்தக் கதையை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று பட்டது. பேசாமல் வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சேலையை மாற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

"பெரிய எடத்து அம்மாவ உங்களோட நெருக்கி உக்கார வைக்க முடியுமாண்ணே, அடுத்த வண்டியில வாங்க."

கமிட்டி

பள்ளிக்கூட வராந்தாவில் இன்னொரு பெண் காத்திருந்தாள். ஆனையூர்க்காரி. தோளில் தையல் போட்ட நூல்சேலை. வாசல்காரர் எனக்கு நாற்காலி போட்டார். அவள் தூணோரம் நின்றாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வாடிவிட்டது. முந்தின நாள் வரை நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

உள்ளே வக்கீல் என் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடையாளம் கண்டுவிட்டார் என்று எனக்கு வியர்த்தது. அவர் அடையாளம் காணவில்லை. சொந்தப் பெண்டாட்டியின் பட்டை அவர் எந்தக் கல்யாணத்தில் கவனித்தாரோ. என் பெயரைக் கேட்டார். அவர் வீட்டில் எனக்குப் பெயரே கிடையாது, டீச்சரம்மா மட்டும்தான். ஆகவே அவருக்கு அது யாரோ ஒருத்தியின் பெயர். 'உங்கள் வீட்டுச் சேலைதான் ஐயா' என்று நாக்கு நுனிவரை வந்தது. நாலு பேர் நடுவே அந்த அம்மாளின் தானத்தை விரித்துப் போட மனசு வரவில்லை. வக்கீலே பேச்சை முடித்துவைத்தார்.

"வசதியான வீட்டுப் பொண்ணுக பொழுதுபோக்குக்கு உத்தியோகம் தேடினா, இல்லாதவுக வாயில மண்ணுதானம்மா."

இனிப்பு

வேலை ஆனையூர்ப் பெண்ணுக்குப் போயிற்று. அவளுக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ராத்திரி முழுக்க அழுதேன். மறுநாள் சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போனேன்.

வக்கீலம்மா தட்டு நிறைய இனிப்போடு வாசலுக்கே வந்தார். வக்கீல் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்: நம் டீச்சரம்மாவைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டதாம், கமிட்டியோடு மல்லுக்கட்டி அவளுக்கே வேலையைப் போட்டுக் கொடுத்தாராம். என் வாயில் லட்டைத் திணித்துவிட்டு, அந்த அம்மாள் நிஜமாகவே மனசு நொந்து கேட்டார்.

"எல்லாம் சரி டீச்சரம்மா, தோள்ல தையல் போட்ட நூல்சேலையோட வந்தீகளாமே, நான் ஆசையாக் குடுத்த பட்ட ஏன் கட்டல?"

கதையில் வந்தால் இதற்கு அர்த்தம் சொல்லிப் பாடம் நடத்தலாம், நமக்கே வந்தால் லட்டை விழுங்கிவிட்டு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொள்ளத்தான் வேண்டும்.