எனக்கு மட்டும் கேளாத மணி

ஆசிரியத் தொழிலில் நாவைவிடச் செவிக்கே வேலை மிகுதி. பலகையில் எழுதியவாறே, கடைசி வரிசையில் கிசுகிசுப்பவரைத் திரும்பாமல் பெயர் சொல்லி அழைத்தவள் நான். மருந்தால் உயிர் மீண்டு செவியை இழந்த என்போன்றோருக்கு நான் சொல்வது விளங்கும்.

ஊசி

ஓய்வுபெற்றபின், இரத்தத்தில் கிருமி பரவி மருத்துவமனையில் கிடந்தேன். பிற மருந்துகளுக்கு அடங்காத அக்கிருமிக்கு ஓர் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டார்கள். அது செவியைக் கெடுக்கக்கூடும் என்று மருத்துவர் முன்னரே எச்சரித்தார்; சம்மதித்தேன். வீடு திரும்பும் வழியில், சிராங்கூன் சாலையில் பேருந்துகள் உறுமுவது கேட்டது. வீடிருக்கும் புக்கிட் பாஞ்சாங்கில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் விளையாடும் பிள்ளைகளின் குரல் கேட்கவில்லை. கீச்சுக் குரல்கள்தாம் முதலில் போகுமாம். அவை திரும்புமா என்று அடுத்த சந்திப்பில் வினவினேன். மருத்துவர் என் முகத்துக்கு நேரே குனிந்து, நிதானமாகச் சொன்னார்: "போனது வராதும்மா. ஆனா நீங்க வந்துட்டீங்க."

தேர்வு

காதுக்கருவி பொருத்துமுன் செவிப் பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் அமர்ந்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். ஆண்டுதோறும் மாணவர் பேச்சுப்போட்டிக்கு நடுவராக அமர்பவள் நான். இவ்வாண்டும் அந்த நாற்காலி எனக்கு வேண்டும். ஆதலால் தோற்க மனம் ஒப்பவில்லை. கண்ணாடிக்கு அப்பால் பரிசோதகர் கலாவின் தோள் அசைந்தபோதெல்லாம் அழுத்தினேன். சற்று நேரத்தில் அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "ஆன்ட்டி, கடைசியா நான் சவுண்டே போடல. சும்மா கைய ஆட்டினேன். டீச்சரே காப்பி அடிக்கலாமா லா?"

மேடை

கருவி அணிந்தே போட்டிக்குச் சென்றேன். முதலில் பேசிய சிறுமியின் உதடுகள் அழகாக அசைந்தன. குரலோ துண்டு துண்டாக வந்து விழுந்தது. கேளாத பேச்சுக்கு மதிப்பெண் இடுவது என் வழக்கமன்று. மற்ற நடுவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று, தாளை வெறுமையாகவே நூர்ஜஹானிடம் நீட்டினேன். என்னோடு ஒரே பள்ளியில் பணியாற்றியவர். போட்டியை நடத்துபவரும் அவரே. தாளை வாங்கிக்கொண்டு, நேரம் முடிந்ததை அறிவிக்கும் மேசைமணியை என்முன் வைத்தார்.

அடுத்த சிறுமிக்கு நேரம் முடிந்தது. அடித்தேன்; ஒலியில்லை. பழுதென்று எண்ணி மீண்டும் மீண்டும் அடித்தேன். சிறுமி பேச்சை நிறுத்தி என்னையே பார்த்தாள். நூர்ஜஹான் என் கையைப் பற்றி, முகத்தருகே வந்து சொன்னார்: "மணி நல்லாத்தான் இருக்கு, டீச்சர். ஒரு தடவ அடிங்க, போதும். பிள்ளைங்களுக்குக் கேக்குது."

'சத்தம் போடாதே' என்று காலமெல்லாம் அதட்டியவளுக்கு வேண்டிய அமைதி வாய்த்துவிட்டது. கடைசி வரிசையில் எவரேனும் ஒருமுறை கிசுகிசுத்து, அது என் செவியில் விழாதா என்றுதான் இப்போது ஏங்குகிறேன்.