நட்டின் மேல் ஒரு மஞ்சள் கோடு

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தேன். மில்லை மூடியதும், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளியில் கொட்டகை கூட்டும் வேலை கிடைத்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன விமானங்கள். ஒருநாள் இன்ஜினுக்குப் பின்னால் ஒரு நட்டு விழுந்துவிட்டது. எந்த ஆம்பளை கையும் உள்ளே போகவில்லை. துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு நான் கையை விட்டு எடுத்துக்கொடுத்தேன். அன்றிலிருந்து அந்த இடுக்கு என் பொறுப்பாகிவிட்டது.

அந்த இடுக்கில் பெட்ரோல் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப் ஒன்று உண்டு. ரப்பர் சுற்றிய சின்னத் தகட்டு வளையம், ஒரு போல்ட், ஒரு நட்டு, அவ்வளவுதான். கிளாம்ப் தளர்ந்தால் குழாய் பக்கத்து இரும்பில் உரசி உரசி ஓட்டையாகிவிடும். மேலே பறக்கும்போது பெட்ரோல் ஒழுகினால் என்னாகும் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. இறுக்கிவிட்டு நாலு தடவை தொட்டுப் பார்ப்பேன். பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்து தொட்ட நாளும் உண்டு. "அம்மணி, நட்டு உங்களக் கேட்டுட்டே இருந்துச்சுங்க" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

சிரிக்காதவர் ஒருவர்தான். பல வருஷமாக அங்கே மெக்கானிக்காக இருந்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். என் டிபன் பாக்ஸில் கை போட்டுச் சாப்பிடும் அளவுக்கு உரிமை. "பயப்படற கைதானுங்க நல்ல கை" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை நம்பினேன்.

எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம். இறுக்கிய கை கோடு போடக் கூடாது. நான் இறுக்கிய நட்டை வேறொருவர் ஸ்பேனர் வைத்துப் பார்த்து, நட்டும் போல்ட்டும் சேர்கிற இடத்தில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். பின்னால் நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். தாளில் இறுக்கியவர் பெயர், பார்த்தவர் பெயர் என்று இரண்டு கட்டம். அந்த இடுக்குக்கு அண்ணாதான் பார்ப்பவர். கை போகாவிட்டாலும், வளைந்த நீள ஸ்பேனரும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு, குச்சியில் கட்டிய பிரஷ்ஷால் கோடு இழுத்துவிடுவார்.

ஒரு முறை அந்தக் கிளாம்பின் பழைய போல்ட்டில் நட்டு ஏறும் திருகு மரை தேய்ந்திருந்தது. ஸ்டோரில் இருந்த புதுசை மாட்டிப் பார்த்தேன். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒன்றாகத்தான் இருந்தன. ஆனால் தலைக்குக் கீழே மரை இல்லாத வழவழப்பான பாகம் இதில் ஒரு துவரம்பருப்பு அளவு நீளம் கூடுதல். நட்டு மரை முடிகிற இடத்தில் போய் முட்டி நின்றுவிடும். ஸ்பேனருக்கு இறுகின மாதிரி இருக்கும், கிளாம்ப் மட்டும் ஆடும். விரலுக்குத்தான் அது தெரியும்.

"காந்திபுரத்துல கெடைக்காதுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"கடையில எதுக்குங்க? சிங்காநல்லூர் லேத்துல குடுத்தா அரை மணியில கடைஞ்சு போடுவான். ஏரோப்ளேனையே கடைஞ்சு குடுக்கற ஊரு. நம்ம ஆபீஸ்காரங்கதான் போல்ட்டுக்கும் சர்ட்டிபிகேட் கேக்கறாங்க" என்று சிரித்தார்.

சரியான போல்ட் தபாலில் வர வேண்டும். அதுவரை குழாய் தொங்காமல் இருக்கட்டும் என்று, அந்த நீளப் போல்ட்டையே விரலால் திருகி வைத்தேன். பறக்க விடக் கூடாது என்பதற்கு அடையாளமாகச் சிவப்புத் துணியைக் கட்டினேன். இன்னும் இறுக்கவில்லை என்று அண்ணாவிடம் சொன்னேன். "நான் பாத்துக்கறேன், நீங்க போங்க அம்மணி" என்றார்.

மறுநாள் காலை நான் போனபோது விமானம் வெளியே நின்றது. சிவப்புத் துணி இல்லை. பறக்கப்போகும் பையன் இறக்கையைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். ஓடிப்போய்த் தாளைப் பார்த்தேன். இறுக்கியவர் கட்டத்தில் என் பெயர், அண்ணாவின் கையெழுத்தில். பார்த்தவர் கட்டத்தில் அவர் பெயர்.

விமானம் பறக்கலாம் என்று கடைசியாகக் கையெழுத்துப் போடும் இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். இன்ஜின் மூடியைத் திறந்து அவர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். மஞ்சள் கோடு அழகாக, உடையாமல் இருந்தது.

"கோடு நல்லாத்தானே இருக்கு?"

"நான் இறுக்கவே இல்லீங்க சார்."

அண்ணா முகம் மாறாமல் சொன்னார்: "அம்மணிக்கு எப்பவும் இதே கவலைதானுங்க சார். இறுக்கிப்போட்டு மறந்திருப்பாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உள்ளே கைவிட்டுப் பார்க்க என்னைத் தவிர ஆளில்லை. என் பேச்சை நம்பவும் ஆளில்லை. அப்போதுதான் கீழே வெளியில் தெரிந்த குழாயின் பாகம் கண்ணில் பட்டது. "சார், இதப் புடிச்சு இழுத்துப் பாருங்க" என்றேன். இழுத்தார். கிளாம்ப்புக்குள் குழாய் வழுக்கிக்கொண்டு வந்தது. யாரும் சிரிக்கவில்லை. விமானத்தை உள்ளே தள்ளினார்கள்.

அண்ணாவுக்கு ஒரு எச்சரிக்கை. எனக்கும் ஒரு திட்டு: "தப்பான போல்ட்ட எதுக்கும்மா மாட்டுனீங்க?"

மத்தியானம் அண்ணாவே என்னிடம் வந்தார். "காலையில பறக்கோணும்னாங்க. இறுக்குனேன், ஸ்பேனர் நின்னுச்சு. உங்க பேரு இருந்தா யாரும் திருப்பிப் பாக்க மாட்டாங்கல்லங்க?" சமாதானம் சொல்லுகிற குரலில்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. இத்தனை வருஷம் நான் பட்ட பயத்தை எடுத்துத் தன் சோம்பலுக்குப் போர்த்திக்கொண்டிருக்கிறார்.

அநியாயம் செய்தவரை அம்மன் கேட்கட்டும், ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துவிட்டு வா என்றாள் தங்கை. போகவில்லை. சாபம் பலித்து, அது விமானத்தின் மேல் விழுந்துவிட்டால்? அந்தக் கவலையும் எனக்குத்தான்.

நாலாம் நாள் சரியான போல்ட் வந்தது. மாட்டி இறுக்கினேன். கோடு போட வேறு கை வேண்டுமே. அந்த வளைந்த ஸ்பேனர் பழகிய ஆள் அண்ணா ஒருவர்தான். இன்ஜினியர் பக்கத்தில் நின்று குழாயை இழுத்துப் பார்த்தார். அண்ணா ஸ்பேனரை இரண்டு தடவை அழுத்திக் காட்டிவிட்டுக் கோடு இழுத்தார். "போதுங்களா அம்மணி?"

"போதுங்கண்ணா" என்றேன்.

அவர் பிரஷ்ஷைத் துடைக்கத் திரும்பியதும் என் கை தானாக உள்ளே போய்விட்டது. நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. கையை வெளியே எடுத்தால் விரல் நுனியில் மஞ்சள்.

"கோடு அழிஞ்சுபோச்சுங்க. மறுக்கா போடோணும்."

அவர் என் விரலைப் பார்த்தார். பெயின்ட் பாட்டிலை மறுபடி திறந்தார். நான் நகராமல் அங்கேயே நின்று, காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.