படத்தில் ஐந்து பேர், பதிவேட்டில் நான்கு பேர்

லிந்துலையிலிருந்து ஆட்டோ பிடித்தால் இருபது நிமிஷத்தில் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் பாப்டிஸ்ட் சபை வந்துவிடும். அந்தச் சபைக்கு எழுபத்தைந்து வயது நிறைகிறது, ஒரு நினைவு மலர் போடலாம் என்று முடிவானதும், வரலாறு எழுதும் வேலை முத்துலிங்கம் போதகர் தலையில் விழுந்தது. அவர் வட்டகொடைக்காரர். இங்கே வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. பழைய கூட்டக் குறிப்புகளைத் தேடினால், பாதியைக் கறையான் தின்றிருந்தது, மீதியை ஈரம் தின்றிருந்தது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: அம்மாக்கண்ணுவிடம் போங்கள்.

அம்மாக்கண்ணுவுக்கு ஐம்பத்தைந்து வயது. பதினெட்டில் தூக்கிய கொழுந்துக் கூடையை இன்னும் இறக்கவில்லை. சபையின் மாதர் சங்கத்துக்கு இருபது வருஷமாக அவள்தான் தலைவி. புருஷன் மாயாண்டி மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரர். அவள் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போவாள், அவர் வருஷம் தவறாமல் காவடி எடுப்பார். அந்த வீட்டில் சண்டை என்று வந்ததெல்லாம் டிவி ரிமோட்டுக்காகத்தான்.

போதகர் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்ததும் அவள் ஆரம்பித்துவிட்டாள். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதில் தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் ஆறு பேர் ஜெபிக்கக் கூடியது. அவர்கள் பாட ஆரம்பித்தால் பக்கத்துக் காம்பரா நாயும் கூடவே ஊளையிட்டது. அது பொறுக்காமல் தோட்டத்துத் துரை பழைய அரிசி ஸ்டோரை ஒதுக்கிக் கொடுத்தது. எழுபத்தெட்டில் சூறைக்காற்று கூரைத் தகரத்தையெல்லாம் பிய்த்துக்கொண்டு போக, அவளுடைய அப்பா நல்லமுத்து தேயிலை மலையெல்லாம் அலைந்து ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து வந்தது. அப்பா சொல்லிக் கேட்டதும் தானே பார்த்ததும் எல்லாம் நேற்று நடந்ததுபோல வந்து விழுந்தது. மூன்று ஞாயிறு மாலையில் நோட்டு நிறைந்துவிட்டது.

நாலாவது ஞாயிறு போதகர் வெறுங்கையோடு வந்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். பிறகுதான் மெல்லச் சொன்னார். சபைச் சுவரில் எண்பத்தைந்தாம் வருஷ ஞானஸ்நானப் படம் ஒன்று தொங்குகிறது. ஆற்றங்கரையில் ஐந்து பேர் நனைந்து நிற்கிறார்கள், கடைசியில் நிற்பது அம்மாக்கண்ணு. ஆனால், கறையானுக்குத் தப்பிய அங்கத்தினர் பதிவேட்டில் அந்தத் தேதிக்கு நேரே நாலு பெயர்தான் இருக்கிறது. அவள் பெயர் அங்கே மட்டுமல்ல, எந்தப் பக்கத்திலும் இல்லை.

"எழுதினவங்க கை தவறி விட்டிருப்பாங்க அக்கா. நான் இப்ப சேத்துடவா?"

அம்மாக்கண்ணு அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"கை தவறல ஐயா. நான் அந்த முழுக்கு ஞானஸ்நானமே எடுக்கல."

அன்று நடந்தது இதுதான். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. வரிசையில் கடைசி ஆள். நாலாவது ஆளைத் தண்ணீரில் முக்கி எடுத்த கையோடு, வயதான போதகர் பாசிக் கல்லில் கால் வழுக்கி விழுந்தார். ஆறு அவரை இழுக்க, யோசிக்காமல் பாய்ந்து அவர் அங்கியைப் பிடித்து இழுத்தவள் அம்மாக்கண்ணு. கரைக்கு வந்தபோது எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். யார் முழுக்கு எடுத்தவர், யார் இழுக்கப் போனவர் என்று யார் பார்த்தார்கள்? துண்டு போர்த்தினார்கள், பாட்டுப் பாடினார்கள், படம் பிடித்தார்கள். கால் முறிந்த போதகரைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தான் முழுக்கு கொடுத்த நாலு பேரை மட்டும் அங்கிருந்தே பதிவேட்டில் எழுதி அனுப்பிய அவர் திரும்பி வரவில்லை. அடுத்து வந்தவருக்கு ஒன்றும் தெரியாது.

பதினாறு வயதில் சொல்ல வெட்கம். இருபதில் பயம். தலைவியான பிறகு சொல்லவே வழியில்லாமல் போயிற்று. ஒவ்வொரு திருவிருந்திலும், முழுக்கு எடுத்தவர்களுக்கு மட்டுமே உரிய அப்பத்தை அவளும் வாங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் மாயாண்டிக்கு மட்டும்தான் தெரியும்.

போதகர் அதை மலரில் எழுத வேண்டாம், நமக்குள் இருக்கட்டும் என்றார். அவள் ஒப்பவில்லை.

"வரலாறுன்னு பேர் வச்சுட்டு பொய்ய எழுதக் கூடாதுங்க. உள்ளத உள்ளபடி போடுங்க. முழுக்கு நான் இப்ப எடுத்துக்கிறேன்."

அடுத்த ஞாயிறு அவளே எழுந்து நின்று சபையில் சொன்னாள், தலைவி பதவியை விட்டுவிடுவதாகவும் சொன்னாள். பிறகு மாதர் சங்கச் செயலாளர் சுதர்ஷினி எழுந்து, போதகரைக் காப்பாற்றியவளை நீக்க ஒரு சட்டமும் இல்லை, அப்படியே இருந்தாலும் அந்தச் சட்டத்தையும் கறையான் தின்றிருக்கும் என்றாள். சபை சிரித்துவிட்டது. அம்மாக்கண்ணு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா, சிரித்தாளா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை.

முழுக்கு ஜனவரியில் நடந்தது. இப்போது ஆற்றுக்குப் போகத் தேவையில்லை, சபைக்குள்ளேயே சீமெந்துத் தொட்டி இருக்கிறது. ஆனால் குழாயில் வருவது அதே ஆற்றுத் தண்ணீர். விறைத்துப் போவாள் என்று மாதர் சங்கத்தார் ஆளுக்கொரு கேத்தல் சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். பத்துக் கேத்தலுக்கும் தொட்டியின் குளிர் அசையவில்லை. அம்மாக்கண்ணு இறங்கினாள், பல் கிட்டியது, போதகர் வசனம் சொல்லி முடிப்பதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் தலைக்கு மேல் மூடியபோது ஒரு சத்தமும் கேட்கவில்லை. எழுந்தபோது சபை பாடிக்கொண்டிருந்தது. அவளும் சேர்ந்துகொண்டாள், நடுங்கிய குரலில், ராகம் தப்பி. பக்கத்துக் கதவருகே மாயாண்டி கம்பளியை விரித்துப் பிடித்தபடி நின்றார். சபைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை வழக்கம்போலக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். நிரையில் நின்ற பெண்கள், தண்ணீர் ரொம்பக் குளிராக இருந்ததா என்று கேட்டார்கள். அம்மாக்கண்ணு சபைக் கதையை ஐம்பதாம் வருஷத்திலிருந்து ஆரம்பித்தாள். கொழுந்து நிறுக்கக் கங்காணி கூப்பிட்டபோது எழுபத்தெட்டுச் சூறைக்காற்றுக்குத்தான் வந்திருந்தாள்.